சிவப்புக் கயிறு எங்கே?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. வடவள்ளிப் பக்கம் சாயங்காலத்தில் இருந்தே மழை. ஒன்பது மணிக்குப் போன கரண்ட் திரும்பவில்லை. பதினொன்றே கால் இருக்கும். எதிர் வீட்டு வாத்தியார் தன் காம்பவுண்டுக்குள் நின்றபடி டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்.

"ஏனுங்க ஃபோர்மேன், கொஞ்சம் வாங்கோ! இவளுக்கு மூச்சு வாங்குதுங்க. கேட்டு தொறக்க மாட்டேங்குது!"

மில்லில் இருந்து ரிட்டையர் ஆகிப் பதினான்கு வருஷம் ஆயிற்று. ஆனாலும் எங்கள் வீதியில் எனக்குப் பெயர் ஃபோர்மேன்தான். அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் வாத்தியார். அவர் வீட்டம்மாவும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், அதனால் டீச்சர்.

அந்த வீடு, அமெரிக்காவில் இருக்கும் அவர்கள் மகன் நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆசையாகக் கட்டிக் கொடுத்தது. முகப்பில் பதினான்கு அடி அகலத்துக்கு ஒரே தள்ளு கேட், அதற்கு மோட்டார், கையில் ரிமோட். பக்கத்தில் ஆள் நடந்து போக ஒரு சின்ன கேட் வைக்கலாமே என்று கட்டும்போதே சொன்னேன். எலிவேஷன் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் மோட்டார் லோடு தாங்காது என்று கேட்டை அதில் சேர்க்கவில்லை. ஆக, கரண்ட் போனால் அந்தக் கேட் ஒரு சுவர்.

108-க்குச் சொல்லியாகிவிட்டது. வண்டி கால் மணி நேரத்தில் வந்து வாசலில் நின்றது. வாத்தியாரின் கார் உள்ளே, ஆம்புலன்ஸ் வெளியே, நடுவில் பதினான்கு அடி இரும்பு. நான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எழுபத்திரண்டு வயதில் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்தேன். குதித்தேன் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. 108 தம்பி ஒருவர் பிடித்து இறக்கிவிட்டார்.

"சாவி எங்கீங்க?" என்றேன்.

"எந்தச் சாவிங்க?"

"மோட்டாரை விடுவிக்கிற சாவி. கரண்ட் இல்லாதப்ப கையால தள்றதுக்கு."

"அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர் அவர். நான்கு வருஷமாகத் தினமும் அந்தக் கேட்டைத் திறந்து மூடியவர். அந்தச் சாவியைப் பற்றி ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேட்டின் அடியில் நீளமாக ஒரு பல் பட்டை ஓடும். ராக் என்பார்கள். மோட்டாரின் பல் சக்கரம் அதைப் பற்றித்தான் கேட்டை இழுக்கிறது. அந்தப் பட்டை ஒரே நீளமாக இருக்காது; ஒரு மீட்டர் ஒரு மீட்டராகத் துண்டு போட்டுப் பொருத்தியிருப்பார்கள். கேட் முழுக்க மூடியிருக்கும்போது மோட்டார் முதல் துண்டின்மேல் நிற்கும். அந்த ஒரு துண்டைக் கழற்றினால் அடுத்த துண்டு வந்து இடிக்கும்வரை கேட்டைத் தள்ளலாம். அதாவது மூன்று அடி. ஸ்ட்ரெச்சருக்கு மூன்று அடி போதும்.

டார்ச் வெளிச்சத்தில், மழையில், துரு ஏறிய மூன்று போல்ட்டைக் கழற்ற எனக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. பிறகு நானும் வாத்தியாரும் 108 தம்பிகள் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். நான்கு பேர் தள்ளியும் அது முனகிக்கொண்டுதான் நகர்ந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

டீச்சருக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஒரே ஒரு கேள்விதான். வாத்தியார் பதில் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்து டீச்சர் வீடு திரும்பினார், நல்லபடியாக இருக்கிறார். சாவியும் கிடைத்தது. பிரிக்காத பிளாஸ்டிக் கவருக்குள், வாரண்டி அட்டையோடு, பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக இருந்தது.

அமெரிக்காவில் நான் கற்ற முதல் பாடம்

சில வருஷங்களுக்கு முன்னால் டெக்சாஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அங்கே வீட்டுக்கு வீடு கார் ஷெட் உண்டு. கராஜ் என்பார்கள். நம் ஊர்க் கடை ஷட்டர் போலச் சுருளாமல், பலகை பலகையாக மடங்கி மேலே ஏறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் கதவு. அதை மோட்டார் இழுக்கும். போய் இறங்கிய அன்று சாயங்காலமே மாப்பிள்ளை என்னைக் கராஜுக்குள் கூட்டிப் போனார். மேலே மோட்டார் தண்டவாளத்தில் இருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது, நுனியில் கைப்பிடி.

"மாமா, கரண்ட் போனா, இல்ல மோட்டார் மக்கர் பண்ணினா, கதவு மூடியிருக்கும்போது இதை இழுங்க. மோட்டார் விட்டுடும். அப்புறம் கையாலயே தூக்கிடலாம்."

"இந்த ஊர்ல கரண்ட் போகுமா மாப்ள?" என்று சிரித்தேன்.

போகும் என்று பிறகு தெரிந்தது. 2017 அக்டோபரில் வடக்கு கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. கரண்ட் போய்விட்டது. கனமான கராஜ் கதவைக் கையால் தூக்க முடியாமல், உள்ளே இருக்கும் காரை எடுக்க முடியாமல் வயதானவர்கள் மாட்டிக்கொண்டார்கள், உயிரும் போனது. அதற்குப் பிறகு அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2019 ஜூலை 1 முதல் அங்கே புதிதாக விற்கும் வீட்டுக் கராஜ் மோட்டார் எதுவானாலும், கரண்ட் இல்லாதபோதும் இயங்க உள்ளே பேட்டரி இருக்க வேண்டும். கயிறு இருந்தாலே போதாது, இழுத்த பிறகு தூக்கத் தெம்பு இல்லாதவர்களும் அந்த வீட்டில் இருப்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் இன்னொரு பாடம் அவர்களுக்கு இன்னும் கசப்பாகக் கிடைத்தது. மோட்டாரில் ஓடும் கராஜ் கதவு அங்கே 1926-லேயே வந்துவிட்டது. கீழே எது மாட்டினாலும் அமுக்கிக்கொண்டு மூடுகிற கதவு அது. 1982-க்குப் பிந்தைய வருஷங்களில் மட்டும் 2 வயதில் இருந்து 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 60 குழந்தைகள் இப்படி மாட்டி இறந்ததாக அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொல்கிறது. 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் ஒவ்வொரு வீட்டு மோட்டாரிலும், எதிரே ஏதாவது இருந்தால் கதவு திரும்பி மேலே போக வேண்டும்; அதோடு குறுக்கே ஒளிக்கண்ணோ, கதவின் அடி விளிம்பில் தொடு உணர்வோ இருக்க வேண்டும். அந்தக் கண்ணைத் தரையில் இருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தவழ்கிற குழந்தையும் தெரிய வேண்டும் அல்லவா?

மாப்பிள்ளை வீட்டுக் கதவு ஒரு நாள் பாதியில் நின்றபோது, கை துறுதுறுத்து நான் ஸ்பேனரோடு ஸ்டூல் மேல் ஏறிவிட்டேன். கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கிய பெரிய ஸ்பிரிங் இருக்கும். அதைத் தொடப் போனேன். மாப்பிள்ளை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கதவின் முழு எடையையும் தாங்கும் முறுக்கு அதில் இருக்கிறது. தெரியாமல் தளர்த்தினால் ஸ்பேனர் நம் முகத்துக்கு வரும் என்றார். மில்லில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவனுக்கு அது உறைத்தது. கராஜ் கதவின் முறுக்கு ஸ்பிரிங்கை அதற்கென்று பழகியவர்தான் தொட வேண்டும். மற்றபடி அவர் சொல்லிக்கொடுத்த சோதனை அருமையானது. கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்துவிட்டுக் கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விட வேண்டும். நல்ல கதவு அங்கேயே நிற்கும். சரிந்தாலோ தானாக மேலே போனாலோ ஸ்பிரிங் சரியில்லை, மோட்டார்மேல் குற்றமில்லை.

இந்தச் சோதனைதான் இங்கே வாத்தியார் வீட்டு வழக்கைத் தீர்த்து வைத்தது.

போர்டு போயிருச்சுங்க

மறுநாள் விடியற்காலை கரண்ட் வந்தது. கழற்றிய ராக்கை மாட்டினோம். கேட்டில் உயிர் இல்லை. பொருத்திக் கொடுத்த இடத்துக்குப் போன் போட்டதும் இரண்டு நாளில் ஒரு தம்பி வந்தார். மூடியைக் கழற்றி ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"போர்டு போயிருச்சுங்க சார். பதினாறாயிரத்து ஐநூறு ஆகும். வர ஒரு வாரம் ஆகும்."

"எப்படிப் போச்சு தம்பி?"

"மழைங்க சார்."

இந்த மாதிரி பதில் எனக்குப் புதிதல்ல. ஆனால் இப்படிப் பதில் சொல்லும் ஊராக இது இருந்ததில்லை. எம்.சி.பி.யை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு, போர்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி ஃப்யூஸ் கருகியிருந்தது. எலக்ட்ரிகல் கடையில் பத்து ரூபாய். அதே அளவு ஃப்யூஸ் வாங்கிப் போட்டதும் கேட் நகர்ந்தது. பாதி தூரம் போய் முக்கி நின்றது.

தம்பிக்கு முகம் மலர்ந்தது. "ஃபோர்ஸைக் கொஞ்சம் கூட்டி வெச்சர்லாங்க சார், போயிரும்."

போர்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கேட்டுக்கு எவ்வளவு இழுப்பு கொடுக்கலாம், எவ்வளவு தடை வந்தால் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். பார்த்தால், அது ஏற்கெனவே கடைசி வரைக்கும் திருகியிருந்தது. முன்னால் இரண்டு தடவை 'கேட் பாதியில் நிற்கிறது' என்று வாத்தியார் புகார் சொல்லி ஆள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஃபோர்ஸைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடு ஒளிக்கண் அடிக்கடி மறித்து நிற்கிறது என்று அதன் ஒயரையும் முறுக்கி நேராக இணைத்துவிட்டிருக்கிறார்கள்.

இதன் அர்த்தம் என்ன என்று யோசியுங்கள். குறுக்கே ஒரு குழந்தை நின்றால் பார்க்கக் கண் இல்லை. இடித்தால் நிற்க உணர்வு இல்லை. அமெரிக்காவில் அறுபது குழந்தைகளைப் பறிகொடுத்து வாங்கிய பாதுகாப்பை நாம் ஒரு திருப்புளியால் இரண்டு நிமிஷத்தில் கழற்றி எறிந்திருக்கிறோம். வாத்தியார் வீட்டில் பேரக்குழந்தைகள் வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து விளையாடுகிற முற்றம் அது.

இப்போது பீரோவில் இருந்து வந்த சாவியைப் போட்டு மோட்டாரை விடுவித்தோம். தம்பியைக் கேட்டைத் தள்ளச் சொன்னேன். இரண்டு கையும் வைத்துக் காலை ஊன்றித் தள்ளினார். அன்று ராத்திரி நான்கு பேர் தள்ளியது ஞாபகம் வந்ததா? நல்ல தள்ளு கேட்டை டீச்சர் ஒரு கையால் தள்ள வேண்டும்.

தண்டவாளத்தைப் பார்த்தோம். பக்கத்து மனையில் வீடு கட்டிய எம்-சாண்டும் சிமென்ட்டும் மழையில் வந்து பள்ளத்தில் இறுகியிருந்தது. கீழே இருந்த சக்கரங்களில் ஒன்றின் பேரிங் துருப்பிடித்து இறுகிப்போய், உருளாமல் தேய்ந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் மோட்டார் அந்தச் சுமையை இழுத்திருக்கிறது. அதனால்தான் ஃப்யூஸ் போனது. புது போர்டு போட்டிருந்தால் அதுவும் ஆறு மாதத்தில் போயிருக்கும். அப்போதும் மழைமேல் பழி விழும்.

லேத் பட்டறை ஒன்றில் சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டு, தண்டவாளத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, ஒளிக்கண்ணை மறுபடி இணைத்து, ஃபோர்ஸை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்தோம். கூலியோடு ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசிவரை கூடவே நின்று எல்லாம் பார்த்தார். போகும்போது சொன்னார்: "எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு கம்ப்ளைண்ட்டுங்க சார். போர்டு மாத்தத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. கேட்டைத் தள்ளிப் பாருன்னு யாரும் சொல்லலைங்க."

மோட்டார் ஊர்க்காரர்கள் நாம்

எனக்கு வருத்தம் இங்கேதான். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு இந்த மண்ணில் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தது இந்த ஊரில். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, முழுசாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித்தான் ஜி.டி. நாயுடு தொழில் படித்தார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. வெட் கிரைண்டர் பிறந்ததும் இங்கேதான்.

அதைவிட முக்கியமானது, சாதாரண ஜனங்களுக்கு இருந்த மோட்டார் அறிவு. எங்கள் அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஆனால் தோட்டத்துக் கிணற்று மோட்டார் உறுமும் சத்தத்தை வைத்தே 'ஒரு பேஸ் வரல' என்று சொல்லி ஸ்டார்ட்டரை அமுக்கி நிறுத்துவார். அம்மாவுக்கு கிரைண்டர் 'ம்ம்ம்' என்று முனகிச் சுற்றாமல் நின்றால் அது கண்டென்சர் என்று தெரியும். மோட்டார் எரிந்தால் யாரும் புதுசு வாங்கியதில்லை. தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் முதலில் கேட்பது, "எப்படிங்க எரிஞ்சுது? தண்ணி இல்லாம ஓட்டுனீங்களா?" என்பதுதான். காயிலைவிடக் காரணத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

இன்று அதே குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டு வாசலில் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று நிற்கிறது. அதன் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் வீதிக்கு ஒருவர்கூட இல்லை. ரிமோட் கைக்கு வந்ததும் மோட்டார் கண்ணில் இருந்து மறைந்துவிட்டது. கண்ணில் படாததை யாரும் பராமரிப்பதில்லை.

கேட் மோட்டாரே வேண்டாம், பழைய தாழ்ப்பாளே போதும் என்று சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மூட்டுத் தேய்ந்த எழுபது வயதுக்காரர், மழையில் காரை விட்டு இறங்கிப் பதினான்கு அடி கேட்டைத் தள்ள வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்கே முழங்கால் பேசுகிறது. மோட்டார் இருக்கட்டும். ஆனால் அது நமக்கு வேலைக்காரனாக இருக்க வேண்டும், காவல்காரனாக ஆகிவிடக் கூடாது.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

நண்பர்கள் கேட்டதால் என் அனுபவத்தில் கண்ட சில்லறைக் கோளாறுகளை எழுதுகிறேன். மூடியைக் கழற்றுவதானால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். இது இல்லாமல் மற்றது எதுவும் வேண்டாம்.

1. ஒரு ரிமோட் வேலை செய்யவில்லை, இன்னொன்று செய்கிறது என்றால் கோளாறு ரிமோட்டில். பெரும்பாலும் பேட்டரிதான். விளக்கு எரிகிறதே என்று நம்பாதீர்கள். பலவீனமான பேட்டரியிலும் விளக்கு எரியும், ஆனால் பக்கத்தில் போனால்தான் கேட் கேட்கும். இரண்டு ரிமோட்டும் இல்லை, சுவர் பட்டன் மட்டும் வேலை செய்கிறது என்றால் ரிசீவர் பக்கம் பாருங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் புதிதாக மட்டமான எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். சில பல்புகள் ரிமோட் அலையைக் கெடுக்கும்.

2. கேட் திறக்கிறது, மூட மறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஒளிக்கண். சிலந்தி வலை, குளவிக்கூடு, மழைச் சேறு, வளர்ந்து குறுக்கே வந்த செம்பருத்திக் கிளை. மேற்கு பார்த்த வாசல் என்றால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தும் நிற்கும். துணியால் துடையுங்கள், சாய்மானத்தைச் சரிசெய்யுங்கள். ஒயரை முறுக்கி நேராக இணைப்பவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

3. மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் கிரைண்டர் கதைதான்: கண்டென்சர். அதில் எழுதியிருக்கும் அதே அளவுதான் போட வேண்டும். கரண்டை நிறுத்திய பிறகும் அது உள்ளே மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்; வெறுங்கையால் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

4. மோட்டார் சுற்றுகிறது, கேட் நகரவில்லை என்றால் யாரோ சாவி போட்டு விடுவித்துவிட்டு மறுபடி பூட்ட மறந்திருப்பார்கள். பூட்டியும் நகரவில்லை என்றால் உள்ளே பல் சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

5. கேட் கடைசிவரை போகாமல் நிற்கிறது, அல்லது போய் மோதுகிறது என்றால், இரண்டு முனையிலும் உள்ள லிமிட் தகடோ காந்தமோ நகர்ந்திருக்கும்.

6. திடீரென்று ஒன்றுமே இல்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். போர்டில் எறும்புக் கூட்டமும் கருகிய பல்லியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவைப்பது நல்லது.

எதுவானாலும், யாரிடமும் காசு கொடுப்பதற்கு முன்னால் மோட்டாரை விடுவித்துவிட்டுக் கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாக இருந்தால் கோளாறு கேட்டில். லேசாக இருந்தால் அப்புறம் மோட்டாரைப் பேசலாம். தள்ளும்போது இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் உறுதியாக இருக்கிறதா, மேலே பிடிக்கும் வழிகாட்டி உருளை ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஸ்டாப்பர் இல்லாத கேட் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அப்படியே சரியும். கேட் சரிந்து குழந்தைகள் இறந்த செய்தி நமக்குப் புதிதல்ல. சக்கரம், ஸ்டாப்பர் வேலையை மட்டும் தெரிந்த ஃபேப்ரிகேட்டரை வைத்துச் செய்யுங்கள். அரை டன் இரும்பை நீங்களாகத் தூக்க வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான்

கேட் மோட்டார் பொருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வாங்கும் அன்று ரிமோட்டை மட்டும் நீட்டாதீர்கள். மெயினை ஆஃப் செய்து, சாவியை அந்த வீட்டு வயதானவர் கையில் கொடுத்து, அவரையே விடுவிக்கச் சொல்லி, அவரையே தள்ளச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் ஆகும். அவரால் முடியவில்லை என்றால் உங்கள் வேலை முடியவில்லை. பேட்டரி பேக்கப் உள்ள மோட்டாரும் கிடைக்கிறது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் அதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு: எலிவேஷன் அழகு நீங்கள் வந்து போகும் ஒரு மாதத்துக்கு. மீதிப் பதினொரு மாதமும் அந்த வாசலில் புழங்குபவர்கள் அவர்கள். பெரிய கேட் பக்கத்தில் ஆள் போக ஒரு சின்ன கேட் வையுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு: இன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து அந்தச் சாவியைத் தேடுங்கள். வெளியே மாட்டினால் திருடன் எடுப்பான் என்று பயம் வேண்டாம். வீட்டுக்குள், வாசல் கதவுப் பக்கத்து ஸ்விட்ச் போர்டு ஓரமாக ஒரு ஆணி அடித்து மாட்டுங்கள். நம்பிக்கையான எதிர் வீட்டில் இன்னொன்று கொடுத்து வையுங்கள். மாதம் ஒரு நாள் கையால் திறந்து மூடுங்கள்.

வாத்தியார் வீட்டில் இப்போது அந்தச் சாவியில் ஒரு முழம் சிவப்புக் கயிறு கட்டித் தொங்குகிறது. டெக்சாஸ் கராஜை நினைத்து நான் கட்டியது. மாதப் பிறப்பன்று விளக்கேற்றிய கையோடு டீச்சரே அதை எடுத்து வந்து மோட்டாரை விடுவித்துக் கேட்டைத் தள்ளிப் பார்க்கிறார். போன மாதம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால்தான் தள்ளினார்.